2050 வரை நிற்கப்போகும் சுவர்கள்

தாராவியில் பொதுச் சுகாதார மருத்துவராக வேலை பார்க்கிறேன். ஏப்ரல், மே வந்தால் பலரும் ஒரே குறையோடு வருகிறார்கள்: "ராத்திரி தூக்கமே இல்ல டாக்டர், உடம்பு அடிச்சுப் போட்ட மாதிரி இருக்கு." இவர்களில் பலர் வெயிலில் நிற்பவர்களே இல்லை. தகரக் கூரைக்குக் கீழே மாடி அறையில் தையல் மெஷினில் உட்காருபவர்கள், விடியுமுன் இட்லிக்கு அடுப்பு மூட்டும் அக்காக்கள்.

வியர்வை ஆவியானால்தான் உடம்பு குளிரும். மும்பைப் புழுக்கத்தில் அது வழிந்தோடுமே தவிர, எளிதில் ஆவியாகாது. பகலில் ஏறிய சூடு ராத்திரியாவது இறங்க வேண்டும். ஜன்னலில்லாத அறையில் அதுவும் நடப்பதில்லை. இதயத்துக்கு ஓய்வு கிடைக்காது, நீர் வற்றிச் சிறுநீரகம் திணறும். கடலோரத்தில் 37 டிகிரியைத் தொட்டு, வழக்கத்தைவிட 4.5 டிகிரியாவது கூடினால்தான் 'வெப்ப அலை' என்று அறிவிப்பார்கள். 35 டிகிரியில் கடும் புழுக்கம் என்றால் அந்த அறிவிப்பு வராது. தலைசுற்றலும் தசைப்பிடிப்பும் மட்டும் தவறாமல் வரும். சிறுநீர் குறைந்து அடர்மஞ்சளாகப் போனால் வேலையை நிறுத்திவிட்டு ஓஆர்எஸ் குடியுங்கள். பேச்சு குழறினாலோ நினைவு தப்பினாலோ உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

காலநிலை பற்றிப் பேச வருகிறவர்கள் பனிப்பாறையிலிருந்து ஆரம்பிக்க வேண்டாம் என்பேன். 2005 ஜூலை 26-லிருந்து ஆரம்பிக்கலாம். அன்று மும்பை சாந்தாக்ரூஸில் 24 மணி நேரத்தில் பெய்த மழை 944 மில்லிமீட்டர். திருநெல்வேலிச் சமவெளியில் ஒரு வருஷம் முழுக்கச் சராசரியாகப் பெய்வதைவிட அதிகம். தாராவி ஓரமாக ஓடும் மித்தி ஆறு பொங்கியதை இங்குள்ள பெரியவர்கள் யாரும் மறக்கவில்லை. காற்று ஒரு டிகிரி சூடேறினால் சுமார் 7 சதவீதம் கூடுதல் நீராவியைத் தாங்கும். புழுக்கமும் பேய்மழையும் சேர்ந்தே கூடுவது அதனால்தான். இப்படிச் சொன்னால் யாருக்கும் புரிகிறது.

சரி, அவசரம் எங்கே இருக்கிறது? மும்பை மாநகராட்சி 2022 மார்ச்சில் வெளியிட்ட காலநிலைத் திட்டம், 2050-க்குள் நிகர பூஜ்ய உமிழ்வு, அதாவது வெளிவிடும் கரியமில வாயுவுக்கு ஈடாக அதே அளவை அகற்றுவது, என்று இலக்கு வைத்திருக்கிறது. அன்றாடம் சம்பாதித்துச் சாப்பிடுகிறவருக்கு அது எட்டாத வருஷம். ஆனால் குடிசைகளை இடித்துப் புது வீடு கட்டித் தரும் தாராவி மறுசீரமைப்பில் தகுதியுள்ளவர்களுக்குச் சொல்லப்படும் 350 சதுர அடி வீடு, 2050-லும் நிற்கப்போகிற வீடு. இன்றைக்கு வைக்காத ஜன்னலை அப்புறம் யாரும் வைத்துத் தரமாட்டார்கள். மும்பையிலேயே கோவண்டி, மான்குர்ட் பக்கம் நெருக்கிக் கட்டிய மறுகுடியமர்வுக் கட்டடங்களில், வெளிச்சமும் காற்றும் குறைந்த கீழ்த்தள வீடுகளில் காசநோய் அதிகம் என்று ஆய்வே காட்டியிருக்கிறது. அதைப் பார்த்த பிறகும் இங்கே அதே மாதிரி கட்டினால் என்னால் சும்மா இருக்க முடியாது.

இப்போதிருக்கும் தகரக் கூரைக்கு மார்ச்சிலேயே வெள்ளைப் பூச்சு அடியுங்கள். வெயிலின் பெரும்பகுதியை அது திருப்பி அனுப்பிவிடும். புது வீட்டைப் பற்றி யார் பேச வந்தாலும் வரைபடத்தைக் கேட்டு வாங்குங்கள். காற்று ஒரு பக்கம் வந்து மறுபக்கம் போக வழி இருக்கிறதா, பக்கத்துக் கட்டடம் எத்தனை அடி தள்ளி நிற்கும், கரண்ட் போனால் மேல்மாடிக்குத் தண்ணீர் எப்படி ஏறும், மழைத் தண்ணீர் எந்த நாலாவில் (வடிகால் கால்வாயில்) போய்ச் சேரும் என்று கேளுங்கள். நாள் முழுக்க வீட்டுக்குள்ளேயே இருக்கும் பெண்கள் அந்தக் கூட்டத்தில் முன்வரிசையில் உட்கார வேண்டும். பதிலை எழுத்தில் வாங்குங்கள்.