மாயா வெள்ளிக் காசா? நடுவில் நாக்கு நீட்டும் முகம் இருந்தால் உஷார்

வட்டத்துக்குள் வட்டமாக நுணுக்கமான வேலைப்பாடு, நடுவில் நாக்கை நீட்டிய ஒரு முகம். இப்படி ஒரு காசோடு மாதத்துக்கு ஒருவராவது என் நாணயக் கடைக்கு வந்துவிடுகிறார். போன வாரம் வந்தவர் ஓய்வுபெற்ற ஆசிரியர். "மாயன் காலண்டர் சார், சுத்த வெள்ளி. ஆன்லைனில் வாங்கினேன்" என்று மேஜையில் வைத்தார். தராசில் போடும் முன்பே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

அந்த முகம் மத்திய அமெரிக்காவின் பழைய நாகரிகமான மாயர்களுடையதே இல்லை. அது மெக்சிகோவை ஆண்ட இன்னொரு இனமான அஸ்டெக்குகளின் சூரியக் கல்லில் இருப்பது. அந்தக் கல் 1790-ல் மெக்சிகோ நகரத்தின் பெரிய சதுக்கத்தில் மண்ணுக்கு அடியிலிருந்து கிடைத்தது. சுமார் 3.6 மீட்டர் விட்டம், 24 டன் எடை. இன்று அதே நகரத்தின் தேசிய மானுடவியல் அருங்காட்சியகத்தில் நிற்கிறது. மாயர்களின் பழைய நகரமான சிச்சென் இட்சா இருப்பதோ ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால், யுகட்டான் தீபகற்பத்தில். மாயா நாள்காட்டியின் ஒரு பெரிய சுற்று 2012 டிசம்பர் 21-ல் முடிகிறது, உலகமே அழியப்போகிறது என்று கிளம்பிய பரபரப்பில் இரண்டையும் போட்டுக் குழப்பிவிட்டார்கள். உலகம் அழியவில்லை, இந்தக் காசு மட்டும் இன்னும் விற்றுக்கொண்டிருக்கிறது.

இன்னொரு விஷயம். மாயர்கள் உலோகக் காசு அடித்ததே கிடையாது. கொக்கோ விதைதான் அவர்களுக்குச் சில்லறை. ஆகவே "பழங்கால மாயா நாணயம்" என்று யாராவது விற்றால் பேரமே பேசாமல் நகர்ந்துவிடுங்கள். நாம் வாங்கக்கூடியது மாயர்களைக் கொண்டாடி இந்தக் காலத்தில் வெளியிட்ட சேகரிப்பு நாணயம் மட்டுமே.

அதில் நல்லவை இருக்கின்றன. எனக்குப் பிடித்தது 1994-ல் மெக்சிகோ வெளியிட்ட மாயா வரிசை. அதில் ஐந்து அவுன்ஸ் காசு ஒன்று, 999 தர வெள்ளி, முகமதிப்பு 10 புதிய பெசோ. அதன் மேல் சிச்சென் இட்சாவின் எல் காஸ்தீயோ பிரமிடு. நான்கு பக்கமும் 91 படிகள், உச்சி மேடையையும் சேர்த்தால் 365 என்று கணக்குச் சொல்வார்களே, அதே பிரமிடுதான். அடித்தது 1535-ல் தொடங்கிய மெக்சிகோ நாணயச்சாலை, அமெரிக்கக் கண்டங்களிலேயே பழையது. M எழுத்தின் மேல் ஒரு குட்டி o உட்கார்ந்திருப்பதுதான் அதன் முத்திரை. மறுபக்கத்தில் கள்ளிச்செடி மேல் பாம்பைக் கவ்விய கழுகும் நாட்டின் பெயரும் இருக்கும். நாட்டின் பெயர், முகமதிப்பு இரண்டுமே இல்லாத உருப்படி பெரும்பாலும் நாணயமே இல்லை, வெறும் பதக்கம். பதக்கத்திலும் சுத்த வெள்ளி உண்டு, ஆனால் நாணயத்தின் விலையை அதற்குக் கொடுக்காதீர்கள்.

சரி, ஆசிரியரின் காசுக்கு வருவோம். ஒரு அவுன்ஸ் என்று அட்டையில் போட்டிருந்தது. அதாவது 31.1 கிராம் இருக்க வேண்டும். தராசு 26 கிராம்தான் காட்டியது. காந்தம் ஒட்டவில்லையே என்றார். பித்தளையிலும்தான் ஒட்டாது. ஜெர்மன் சில்வரிலும் பெரும்பாலும் ஒட்டாது, பெயரில் சில்வர் இருந்தாலும் அதில் வெள்ளி துளியும் கிடையாது.

எடையையும் சரியாக வைத்து ஏமாற்றுகிறவர்கள் உண்டு. அவர்களைப் பிடிக்கத் தண்ணீர் போதும். 0.01 கிராம் வரை காட்டும் சின்னத் தராசில் ஒரு டம்ளர் தண்ணீரை வைத்து, பூஜ்ஜியமாக்குங்கள். காசை நூலில் கட்டி, அடியிலோ பக்கத்திலோ படாமல் முழுக்க முங்கவிடுங்கள். ஒரு அவுன்ஸ் சுத்த வெள்ளி என்றால் 2.96, 2.97 என்று காட்டும், ஏனென்றால் வெள்ளியின் அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்கு 10.49 கிராம். அதே எடையில் செம்பு 3.47 காட்டும். கடைகளில் எக்ஸ்-கதிர் பாய்ச்சி உலோகத்தைக் கண்டுபிடிக்கும் எக்ஸ்ஆர்எஃப் மெஷினை மட்டும் நம்பிவிடாதீர்கள், அது மேல்தோலைத்தான் படிக்கும். முலாம் தடிமனாக இருந்தால் உள்ளே இருப்பது அதற்குத் தெரியாது. கண்ணாடி மாதிரிப் பளபளக்கும் புரூஃப் காசை மட்டும் தண்ணீரில் விடாதீர்கள், கறை விழும். அதைக் கேப்சூலோடு விவரம் தெரிந்தவரிடம் காட்டுவதே நல்லது.

விலை பேசும்போது அன்றைய வெள்ளி விலையை எடையால் பெருக்கிப் பாருங்கள். அதற்கு மேல் கேட்கும் பணம் முழுக்க அரிதுக்கும் அழகுக்கும் நீங்கள் தருவது. தரலாம், தப்பில்லை. ஆனால் திரும்ப விற்கும்போது அந்தப் பகுதிதான் முதலில் கரையும்.

அப்புறம், நம் வீட்டுப் பழக்கம் ஒன்று. குத்துவிளக்கு துலக்கும் கையோடு வெள்ளிக் காசையும் விபூதி போட்டுத் தேய்த்துவிடுகிறார்கள். நிஜமான 1994 காசு ஒன்று அப்படித்தான் என்னிடம் வந்தது. பிரமிடின் படிகள் மழுங்கி, மேலெல்லாம் மயிரிழைக் கீறல். வெள்ளி விலைக்கு மேல் என்னால் கொடுக்க முடியவில்லை. "கறுத்துப்போச்சேன்னு துடைச்சேன் தம்பி" என்றார் அந்த அம்மா. அந்தக் கறுப்போடு கொண்டுவந்திருந்தால் கூடுதலாகவே கொடுத்திருப்பேன்.