பேசும் கணினிக்காக நகையை அடகு வைக்க வேண்டாம்

சென்ற ஆடி மாதம் ஒரு தம்பதி தண்டையார்பேட்டையில் நான் கணினி சொல்லித் தரும் அறைக்கு வந்தார்கள். கணவருக்கு ஐம்பதைத் தாண்டிய வயது. ராயபுரம் பக்கம் ஒரு சரக்கு அலுவலகத்தில் இருபது வருடம் கணக்கு எழுதியவர். சர்க்கரை நோயால் விழித்திரை கெட்டுவிட்டது. லேசர், ஊசி எல்லாம் பார்த்துவிட்டார்கள். வெளிச்சம் தெரிகிறது, எழுத்து தெரியவில்லை. அந்த அம்மா மஞ்சள் பையிலிருந்து ஒரு கொட்டேஷனை எடுத்து நீட்டினார். கண் தெரியாதவர்களுக்கான மென்பொருள் என்று யாரோ பல பத்தாயிரம் ரூபாய்க்கு எழுதிக் கொடுத்திருந்தார்கள். "சங்கிலிய வச்சா பாதி வரும்மா, மீதிக்குத்தான் யோசிச்சினு இருக்கோம்" என்றார்.

அப்படி யோசித்தபடியே ஒன்றரை வருடம் போயிருந்தது. அத்தனை நாளும் அவர் கணினிப் பக்கமே போகாமல் வீட்டில் உட்கார்ந்திருந்திருக்கிறார்.

அந்த ஒன்றரை வருடம் இன்னொரு வீட்டில் வீணாகக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன். கணினியைப் பேச வைக்கும் ஸ்கிரீன் ரீடர் இன்றைக்கு இலவசமாகவே கிடைக்கிறது. கொஞ்ச நாள் ஓடிப் பிறகு பூட்டிக்கொள்ளும் சோதனைப் பதிப்பும் கிடையாது, திருட்டுப் பிரதியும் கிடையாது. முழு மென்பொருளே இலவசம்.

ஸ்கிரீன் ரீடர் என்ன செய்கிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அது திரையைப் புகைப்படம் எடுத்துப் படிப்பதில்லை. திரையில் என்ன இருக்கிறது என்று விண்டோஸிடமே கேட்டு வாங்குகிறது: இது ஒரு பட்டன், இது கட்டம், இதில் டிக் போட்டிருக்கிறது, இந்த வரியில் இன்ன எழுத்து. அதைக் குரலாகச் சொல்கிறது. நாம் தட்டும் ஒவ்வொரு எழுத்தையும் சொல்கிறது. மவுஸ் தேவையில்லை, எல்லாமே விசைப்பலகையில்தான். எழுத்து எழுத்தாக இருந்தால்தான் அதனால் படிக்க முடியும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள், பிறகு இந்த இடத்துக்குத் திரும்பி வருவேன்.

இந்தத் துறையில் நெடுநாளாக இருக்கும் ஸ்கிரீன் ரீடர் ஜாஸ். மோட்டார் சைக்கிள் பந்தய வீரராக இருந்து 1978-ல் கார் விபத்தில் பார்வையிழந்த டெட் ஹென்டர் என்ற அமெரிக்கர் தொடங்கிய நிறுவனத்திலிருந்து 1989-ல், விண்டோஸ் பரவுவதற்கு முந்தைய டாஸ் கணினிகளுக்காக வந்தது. நல்ல மென்பொருள்தான், குறை சொல்ல மாட்டேன். சில அலுவலகங்களின் தனி மென்பொருள்களோடு ஜாஸ்தான் ஒத்துப்போகும். வேலை கொடுப்பவர் வாங்கித் தந்தால் தாராளமாகப் பயன்படுத்துங்கள். காசு கட்டாமல் திறந்தால் 40 நிமிடம் ஓடும், அப்புறம் கணினியை மறுபடி தொடங்க வேண்டும். இதற்காகச் சிலர் கிராக் செய்த பிரதியைப் போட்டுத் தருகிறார்கள். அதோடு வைரஸும் சேர்ந்து வந்த லேப்டாப்புகள் என்னிடம் வந்திருக்கின்றன. அதைத் தொடாதீர்கள்.

நான் எல்லோருக்கும் முதலில் போட்டுத் தருவது என்விடிஏ என்ற இலவச ஸ்கிரீன் ரீடர். பார்வையற்ற ஆஸ்திரேலிய இளைஞர் மைக்கேல் கரன் 2006-ல் எழுதத் தொடங்கியது. அவரோடு சேர்ந்த ஜேம்ஸ் டேவும் பார்வையற்றவர்தான். பார்வை உள்ளவர் காசு கட்டாமல் கணினியைப் பார்க்கிறார், பார்க்க முடியாதவர் மட்டும் அதைக் கேட்கத் தனியாக ஏன் காசு கட்ட வேண்டும் என்ற கேள்விதான் அவர்களுக்குத் தொடக்கம். அவர்களுடைய என்வி ஆக்சஸ் தளத்தில் இறக்கும்போது நன்கொடை கேட்கும். இந்த முறை வேண்டாம் என்று தேர்ந்தெடுத்தாலும் அதே மென்பொருள்தான் கிடைக்கும். மெனுக்களும் பயனர் கையேடும் தமிழிலும் உண்டு. பென்டிரைவில் போட்டு வைத்தால் பிரவுசிங் சென்டரிலோ உறவினர் வீட்டுக் கணினியிலோ செருகி வேலை பார்க்கலாம்.

அதையும் இறக்க ஆள் இல்லையா? விண்டோஸ் விசை, கண்ட்ரோல், என்டர் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். விண்டோஸ் 10, 11 கணினிகள் உடனே பேசத் தொடங்கும். நேரேட்டர் என்ற அந்த வசதி விண்டோஸோடு கூடவே வருகிறது. அதன் துணையோடு என்விடிஏவை நீங்களே நிறுவிக்கொள்ளலாம். லினக்ஸில் ஆர்கா இருக்கிறது. ஆண்ட்ராய்டு போனில் டாக்பேக், ஐபோனில் வாய்ஸ் ஓவர். எதற்கும் காசு இல்லை.

கணினிக்கும் பெரிதாகச் செலவழிக்க வேண்டாம். 2011-ல் தொடங்கிய அரசின் இலவச மடிக்கணினித் திட்டத்தில் பிள்ளைகள் வாங்கியது வடசென்னையில் எத்தனையோ வீட்டுப் பீரோவில் கிடக்கிறது. அது விண்டோஸ் 7 என்றால் என்விடிஏவின் 2023.3 வரிசைப் பதிப்பைப் போடுங்கள், ஓடும். அதற்குப் பிந்தைய பதிப்புகள் ஓடாது. பழைய விண்டோஸுக்குப் பாதுகாப்பு குறைவு. அதனால் அதில் வங்கி வேலை வேண்டாம். தட்டச்சுப் பழக, எக்செல் பழக அது போதும்.

அந்தக் கணக்கருக்கும் மகளுடைய அரசு லேப்டாப்தான். முதல் நாள் பத்து நிமிடம் கேட்டுவிட்டு ஹெட்போனைக் கழற்றிவிட்டார். "இன்னாம்மா இது, தகர டப்பாக்குள்ள இருந்து பேசுற மாதிரி கீது." என்விடிஏவோடு வரும் ஈஸ்பீக் குரல் இயந்திரத்தனமானதுதான். புதிய விண்டோஸில் வள்ளுவர் என்ற பெயரில் ஒரு தமிழ்க் குரல் இருக்கிறது, அது காதுக்கு இதமாக இருக்கும். ஆனால் எனக்குத் தெரிந்து இதை வைத்துப் பிழைப்பு நடத்துபவர்களில் பலர் அந்தத் தகர டப்பாக் குரலுக்கே திரும்பி வருகிறார்கள். வேகத்தை எவ்வளவு கூட்டினாலும் அதில் சொல் சிதைவதில்லை. வாரத்துக்குக் கொஞ்சமாகக் கூட்டுங்கள். மூன்று மாதத்தில், பக்கத்தில் இருப்பவருக்கு ஒன்றும் புரியாத வேகத்தில் நீங்கள் கேட்டுக்கொண்டிருப்பீர்கள்.

முதல் பதினைந்து நாள் நான் விரலைத்தான் பழக்குவேன். எஃப், ஜே விசைகளில் சிறு மேடு இருக்கும், ஆள்காட்டி விரல்கள் அங்கே உட்கார வேண்டும். என்விடிஏவுக்குக் கட்டளை தர வழக்கமாக இன்செர்ட் விசையை மற்ற விசைகளோடு சேர்த்து அழுத்த வேண்டும், லேப்டாப்பில் அதைத் தேடுவது சிரமம். நிறுவும்போதே கேப்ஸ் லாக்கை என்விடிஏ விசையாக வைத்துக்கொள்ளுங்கள். அதோடு 1-ஐ அழுத்தினால் எந்த விசையைத் தொட்டாலும் அதன் பெயரையும் வேலையையும் சொல்லும், தவறாக ஒன்றும் ஆகாது. பயந்தவர்களுக்கு அதைவிட நல்ல ஆசிரியர் இல்லை. இணையப் பக்கத்தில் எச் அழுத்தினால் தலைப்பு தலைப்பாகத் தாவும், கே இணைப்புகளுக்கு, பி பட்டன்களுக்கு. பேச்சு போதும் என்றால் கண்ட்ரோல்.

வீட்டில் இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். "குடுப்பா, நான் பண்ணித் தரேன்" என்று லேப்டாப்பைப் பிடுங்காதீர்கள். ஒரு கோப்பைத் திறக்க அவருக்கு ஐந்து நிமிடம் ஆகும், ஆகட்டும். நம் கணக்கர் மூன்றாவது வாரம் எக்செல்லில் நுழைந்தார். ஒவ்வொரு கட்டத்துக்கும் போகும்போது அதன் எண்ணையும் உள்ளே உள்ள தொகையையும் குரல் சொல்ல, கூட்டலில் 40 ரூபாய் இடிக்கிறது என்று அவரே கண்டுபிடித்தார். இருபது வருடப் பழக்கம் கண்ணில் மட்டுமா இருந்தது? அந்த அம்மா வாசலில் நின்று அழுதார். இப்போது கொருக்குப்பேட்டையில் மைத்துனரின் மளிகைக் கடைக் கணக்கு முழுவதும் அவர் கையில்தான்.

எழும்பூர் அரசு கண் மருத்துவமனை 1819-ல் தொடங்கியது. இந்தப் பக்கத்தில் பார்வை மங்கிய பலர் ஒருமுறையாவது அங்கே போயிருப்பார்கள். எங்கே பணி செய்யும் கண் மருத்துவரானாலும், பார்வை திரும்பாது என்று சொல்ல நேரும் அன்றைக்கே விண்டோஸ், கண்ட்ரோல், என்டர் என்ற அந்த மூன்று விசைகளையும் சீட்டில் எழுதிக் கொடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

சரி, மென்பொருள் இலவசமாகக் கிடைத்துவிட்டது. அதற்குப் பிறகும் நிற்கும் சுவரை எழுப்பியது பார்வை உள்ள நாம்தான்.

வியாசர்பாடியிலிருந்து வரும் ஒரு மாணவி டிஎன்பிஎஸ்சி தேர்வுக்குப் படிக்கிறாள். பிறவியிலேயே பார்வை இல்லை. என்விடிஏவில் என்னைவிட வேகம். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அரசுப் பணியிடங்களில் 4 சதவீதம் ஒதுக்குகிறது, அதில் 1 சதவீதம் பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்கு. அந்த நம்பிக்கையில் படிக்கிறாள். ஒருநாள் கோபமாக வந்தாள். "அக்கா, இத நீங்களே கேளுங்க." யாரோ அனுப்பிய தமிழ் இலக்கண நோட்ஸ். அம்மா என்ற சொல் இருந்த இடத்தில் "எம், கே, செமிகோலன், கே, எச்" என்றது குரல். கோப்பு பாமினி எழுத்துருவில் அடித்தது. கண்ணுக்கு அது அம்மா. கணினிக்குள்ளே இருப்பதோ வெறும் ஆங்கில எழுத்துகள், அவற்றின் மேல் தமிழ் உருவத்தைப் போர்த்தியிருக்கிறார்கள். தமிழைத் தமிழாகவே கணினிக்குள் வைக்கும் முறை யூனிகோடு. தமிழ்நாடு அரசு 2010-லேயே அதைத் தரமாக ஏற்றுவிட்டது. இன்னும் டிடிபி கடைகளிலும் பயிற்சி மையங்களிலும் பழைய எழுத்துருதான் ஓடுகிறது.

அதைவிட மோசம், புத்தகப் பக்கத்தைப் போட்டோ எடுத்துப் பிடிஎஃப் ஆக்கி வாட்ஸ்அப்பில் அனுப்புவது. அதில் எழுத்தே கிடையாது, ஸ்கிரீன் ரீடர் வாயைத் திறக்காது. அந்தப் பிடிஎஃப்பைக் கூகுள் டிரைவில் ஏற்றி, கூகுள் டாக்ஸாகத் திறந்தால் தமிழை ஓரளவு எழுத்தாக எடுத்துத் தரும். அட்டவணையும் இரண்டு பத்தியும் வந்தால் குழப்பிவிடும். பதிப்புரிமை என்ன ஆகும் என்று பயப்படுபவர்களுக்கு: 2012-ல் திருத்தப்பட்ட பதிப்புரிமைச் சட்டம், மாற்றுத்திறனாளிகள் படிப்பதற்காகப் புத்தகத்தை அவர்களுக்கு ஏற்ற வடிவில் மாற்ற அனுமதிக்கிறது. லாப நோக்கம் இருக்கக் கூடாது.

நோட்ஸோ விண்ணப்பமோ சுற்றறிக்கையோ தயாரிப்பவர்கள் அனுப்புவதற்கு முன் நேரேட்டரை ஓடவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு ஒரு பக்கம் கேட்டுப் பாருங்கள். கோளாறு இருந்தால் அப்போதே தெரிந்துவிடும்.

அந்தப் பெண் நோட்ஸ் வாங்கும் வண்ணாரப்பேட்டைக் கடைக்காரரை நேரில் அழைத்து வந்து அந்த "எம், கே, செமிகோலன்" குரலைக் கேட்கவைத்தோம். "இவ்ளோ நாளா இதத்தான் குடுத்துனு இருந்தேனா?" என்றார். இப்போது யூனிகோடில்தான் அடிக்கிறார். பழைய கோப்புகளை எழுத்துரு மாற்றியில் போட்டு, காதால் கேட்டுப் பிழை திருத்தும் வேலையை அவளே எடுத்துக்கொண்டாள். நேற்று வரை பதினொரு பாடம் முடித்திருக்கிறாள்.