ஏஐ தரும் ஆய்வுச் சுருக்கத்தைப் பார்த்து மாத்திரையைக் கூட்டாதீர்கள்

ரத்த அழுத்தத்துக்கு என்னிடம் வருகிறவர்களில் சிலர் இப்போது செல்போனை நீட்டுகிறார்கள். "டாக்டர், பிரஷரை 120-க்குக் கீழே இறக்கினா இதயப் பிரச்சினை 25 சதவீதம் குறையுமாம், எனக்கும் மாத்திரையைக் கூட்டலாமா?" காட்டுவது, ஏதோ ஒரு ஏஐ செயலி நாலு வரியில் சுருக்கிக் கொடுத்த ஆய்வு.

ஆய்வு உண்மையானதுதான். அமெரிக்காவில் நடந்து 2015-ல் வெளியான ஸ்பிரின்ட் என்ற ஆய்வு அது. 25 சதவீதமும் சரி. ஆனால் யாருக்கு என்பது அந்த நாலு வரியில் இல்லை. ஆய்வில் இருந்த 9,361 பேரும் 50 வயதோ அதற்கு மேலோ ஆனவர்கள், இதயநோய் அபாயம் கூடுதலாக உள்ளவர்கள். சர்க்கரை நோயாளிகளையும் ஏற்கெனவே பக்கவாதம் வந்தவர்களையும் அதில் சேர்க்கவே இல்லை. என்னிடம் இந்தக் கேள்வியோடு வருகிறவர்களில் பலருக்குச் சுகரும் இருக்கிறது!

அளந்த விதமும் வேறு. ஐந்து நிமிடம் அமைதியாக உட்காரவைத்து, கருவி தானாகவே எடுத்த அளவுகளின் சராசரி அது. படியேறி வந்து மூச்சு வாங்கும்போது எடுக்கிற அளவு பெரும்பாலும் அதைவிட அதிகமாகத்தான் இருக்கும், அதை நம்பி மருந்தைக் கூட்டினால் எழுந்து நிற்கும்போது மயங்கி விழலாம். மயக்கமும் சிறுநீரகப் பாதிப்பும், 120-க்குக் கீழே இறக்க மருந்து பெற்றவர்களிடம் கூடுதலாக இருந்ததை அந்த ஆய்வே சொல்கிறது. அப்புறம் அந்த 25 சதவீதம்: ஏறக்குறைய மூன்றேகால் ஆண்டில் வழக்கமான சிகிச்சையில் 6.8 சதவீதம் பேருக்கு வந்த இதய, ரத்தநாளப் பாதிப்பு, 120-க்குக் கீழே இறக்கும் சிகிச்சையில் 5.2 சதவீதம் பேருக்கு வந்தது. நூறு பேரில் ஒன்றிரண்டு பேர் தப்பித்தார்கள். நல்ல பலன்தான், ஆனால் 25 என்று கேட்கும்போது மனதில் தோன்றுகிற அளவு இல்லை.

'ராயல் சொசைட்டி ஓப்பன் சயின்ஸ்' இதழில் 2025-ல் வந்த ஓர் ஆய்வு, 10 ஏஐ மாதிரிகள் எழுதிய 4,900 சுருக்கங்களைச் சோதித்தது. பல மாதிரிகள் மூல ஆய்வு சொன்னதைவிடப் பொதுவான முடிவுகளைச் சொல்லியிருந்தன. என்னைக் கவலைப்பட வைப்பது, துல்லியமாக எழுது என்று கேட்டபோது இந்தக் குறை கூடியது என்பதுதான்.

கட்டுரையைத் தேட இவற்றை நானும் பயன்படுத்துகிறேன், குவியும் ஆய்வுகளுக்கு நடுவே அது பெரிய உதவி. சிகிச்சையை மாற்ற நினைத்தால் மட்டும், யாரைச் சேர்த்தார்கள், யாரை விலக்கினார்கள், நூறில் எத்தனை பேருக்குப் பலன், பக்கவிளைவு என்ன என்பதை மூலக் கட்டுரையிலேயே பாருங்கள். ஆங்கிலம் சிரமமா? கட்டுரையின் பெயரை மட்டும் குறித்துக்கொண்டு உங்கள் மருத்துவரிடம் போங்கள், அதுவரை இப்போது சாப்பிடும் மாத்திரையைக் கூட்டவும் வேண்டாம், நிறுத்தவும் வேண்டாம்.