ஹஸ்கியின் ஏசி அதன் மூக்கில் இருக்கிறது

“அடுத்த வாரம் எட்டு வார சைபீரியன் ஹஸ்கிக் குட்டி ஒன்று வீட்டுக்கு வருகிறது. சென்னை வெயிலுக்கு மொட்டையடித்துவிட்டு, ஏர் கூலர் ஒன்று வாங்கி வைத்தால் போதுமா?” என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். இரண்டுமே வேண்டாம். மொட்டை கெடுதல், கூலர், அதுவும் சென்னையில், அதைவிடக் கெடுதல்.

முடியைச் சீக்கிரம் முடித்துவிடலாம். வடகிழக்கு சைபீரியாவில் சுக்சி மக்கள் பனிச்சறுக்கு வண்டி இழுக்க வளர்த்த நாய்களின் வழி வந்தது இந்த இனம். உள்ளே பஞ்சு போன்ற அடிமுடி, வெளியே நீண்ட மேல்முடி. நடுவில் சிக்கிய காற்றுதான் கம்பளி. அந்தக் காற்று உள்ளிருக்கும் சூட்டை வெளியே விடாது; அதேபோல வெயிலின் சூட்டையும் தோலுக்கு விடாது. மழித்தால் தோல் நேராக வெயிலில் வேகும். சில நாய்களுக்கு மேல்முடி பழையபடி வளராமல் திட்டுத்திட்டாக நின்றுவிடும். செய்ய வேண்டியது, உதிர்ந்து சிக்கிக்கிடக்கும் அடிமுடியை நீளப் பல் கம்பிச் சீப்பால் வாரத்துக்கு இரண்டு மூன்று முறை வாரி எடுப்பது. முடி கொத்துக்கொத்தாகக் கொட்டும் பருவத்தில் தினமும்.

இனி மூக்கு. நாய்க்கு வியர்வை என்று சொல்லிக்கொள்ளும்படி வருவது பாதத்தில் மட்டும்தான்; அது உடம்பைக் குளிர்விக்கப் போதாது. மூச்சிரைப்புதான் அதன் வழி. நாக்கைத் தொங்கவிடுவதால் நாக்குதான் குளிர்விக்கிறது என்று நினைக்கிறோம். பாதி உண்மை. மூக்குக்குள் வெற்றிலைச் சுருள் போலச் சுருண்ட மெல்லிய எலும்புகள் இருக்கின்றன. அவற்றைப் போர்த்தியிருக்கும் ஈரத்தோலில் ரத்தம் பாய்கிறது. உள்ளே போகும் காற்று அந்த ஈரத்தை ஆவியாக்கிச் சூட்டை வாங்கிக்கொள்கிறது. ஒரு கிராம் நீர் ஆவியானால் சுமார் 580 கலோரி போகும்.

அந்தக் காற்று மூக்கு வழியாகவே திரும்பினால், குளிர்ந்திருக்கும் அதே சுருளில் உரசி, வாங்கிய சூட்டையும் ஈரத்தையும் திருப்பிக் கொடுத்துவிடும். அதனால், வெக்கை ஏற ஏற, நாய் மூக்கால் இழுத்து வாயால் விடுகிறது. தொங்கும் நாக்கு, ஈரப்பரப்பும் புகைபோக்கியும் ஒன்றாகச் சேர்ந்தது! 1970இல் உடலியல் ஆய்வாளர் ஷ்மிட்-நீல்சனின் குழு இந்தப் பாதையைக் கண்டது. மூக்கை ஈரமாக வைத்திருக்கத் தனிச் சுரப்பியே உண்டு; குளிரில் அது சும்மா இருக்கும், வெக்கையில் நீரைச் சுரந்து தள்ளும்.

இதைவிட அழகு வேகம். ஓய்வில் நிமிடத்துக்கு 30 மூச்சு விடும் நாய், 60, 100 என்று படிப்படியாக ஏறுவதில்லை. ஒரே தாவலில் 300க்குப் போய்விடுகிறது. இவ்வளவு வேகமாகத் தசையை ஆட்டினால் அந்த வேலையிலேயே சூடு பிறக்குமே? அதிகம் பிறக்காதபடி ஒரு தந்திரம் இருக்கிறது. மார்புக்கூடும் நுரையீரலும் சேர்ந்து ஊஞ்சல் போல ஓர் இயல்பான ஆட்ட வேகம் கொண்டவை. அது நொடிக்கு ஏறக்குறைய 5 முறை. நாய் அந்த வேகத்திலேயே இரைக்கிறது. பள்ளியில் படித்த ஒத்ததிர்வேதான். சரியான நேரத்தில் லேசாகத் தட்டினால் ஊஞ்சல் தானே ஆடும். 1962இல் க்ராஃபோர்ட் என்ற ஆய்வாளர் இதை அளந்தார். நாய் ஏன் இரைக்கிறது என்று அளப்பதற்கும் பணம் கொடுத்தார்கள். நம் நாட்டு நாய்களான சிப்பிப்பாறைக்கும் கோம்பைக்கும் அப்படி யாராவது கொடுத்தால் தேவலை.

இந்த எந்திரத்தை முடக்குவது வெறும் சூடு அல்ல, ஈரப்பதம். நாயின் உடல் சூட்டை ஒட்டிய 38 டிகிரியில் ஒரு கனமீட்டர் காற்று தாங்கும் நீராவி சுமார் 46 கிராம். வெளிக்காற்று 32 டிகிரி, ஈரப்பதம் 80 சதவீதம் என்றால் அதில் ஏற்கெனவே 27 கிராம் இருக்கிறது. மூக்கு ஏற்ற முடிவது 19 கிராம்தான். 24 டிகிரி, 50 சதவீதம் என்றால் இருப்பது 11, ஏற்றக்கூடியது 35. கிட்டத்தட்ட இரண்டு பங்கு.

ஏர் கூலர் என்ன செய்கிறது? காற்றில் நீரைச் சேர்க்கிறது. உள்மாவட்ட வறட்டு வெயிலில், ஜன்னல் திறந்திருந்தால், அது உதவும். கடலோரத்தில் பூட்டிய அறையில் நாயின் மூக்குக்கு இருந்த கொஞ்ச இடத்தையும் அடைத்துவிடும். ஏசியோ எதிர்த்திசை, அதன் குழாயில் சொட்டும் தண்ணீர் அறைக்காற்றிலிருந்து பிடுங்கியது. 24 டிகிரி போதும், 18 வேண்டாம். கரண்ட் போனால் ஜன்னலைத் திற, இன்வெர்ட்டர் மின்விசிறியைப் போடு, வயிற்றையும் பாதங்களையும் நனை. முதுகில் ஈரத்துண்டைப் போர்த்தாதீர்கள்; சிறிது நேரத்தில் அது வெந்நீர்ப் போர்வையாகிவிடும். நனைந்த அடிமுடியைக் காயவிடாமல் விட்டால் தோலில் புண் வரும்.

நடை காலை ஆறு மணிக்கு முன், இரவு ஏழுக்குப் பின். தார்ச்சாலையில் புறங்கையை ஏழு நொடி வைக்க முடியவில்லை என்றால் பாதமும் வைக்கக் கூடாது. குட்டிக்கு மூன்று, நான்கு வார இடைவெளியில் 16 வாரம் வரை தடுப்பூசி, மூன்று மாதத்தில் ரேபிஸ். தேதிகளை மருத்துவர் குறித்துக்கொடுப்பார்.

“சூட்டைத் தணிக்க” மோர்ச்சோற்றில் சின்ன வெங்காயம் போட்டுத் தரும் வழக்கம் மட்டும் அறவே கூடாது. வெங்காயம் நாயின் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். உடல் எடையில் கிலோவுக்கு 15 கிராமே நஞ்சாகலாம். ஐந்து கிலோ குட்டிக்கு 75 கிராம், அதாவது ஒரு பிடி. வேகவைத்தாலும் நஞ்சு போகாது.

நாயின் இயல்பான வெப்பம் 38.3 முதல் 39.2 டிகிரி வரை. 41ஐத் தாண்டி, தள்ளாடி, ஈறு கருஞ்சிவப்பானால் அது வெப்ப அடி (ஹீட் ஸ்ட்ரோக்). ஆட்டோ தேடுவதற்கு முன் குழாய்த் தண்ணீரை முடியின் அடிவரை ஊற்றி விசிறுங்கள். முதலில் குளிர்விப்பு, பிறகு பயணம். ஆசனவாய் வெப்பமானி 39.5 காட்டியதும் ஊற்றுவதை நிறுத்துங்கள். அதற்குக் கீழே தொடர்ந்தால் உடம்பு அளவுக்கு மீறிக் குளிர்ந்துவிடும்.