முழங்காலுக்கு அடியில் தலையணை வேண்டாம்

1971 டிசம்பர், அன்றைய கிழக்குப் பாகிஸ்தானின் சில்ஹெட். 5-ஆம் கூர்க்கா ரைபிள்ஸ் படைப்பிரிவின் மேஜர் இயான் கார்டோசோ கண்ணிவெடியை மிதித்தார். கால் சிதைந்து தொங்கியது. வலியைக் குறைக்கும் மார்ஃபின் இல்லை. உடனிருந்த கூர்க்கா வீரரிடம் குக்ரியால், கூர்க்காக்களின் வளைந்த கத்தியால், வெட்டிவிடச் சொன்னார். அவருக்கு மனம் வரவில்லை. கார்டோசோ தானே வெட்டினார். பிறகு அவருக்கு அறுவை சிகிச்சை செய்தவர், போர்க்கைதியாகப் பிடிபட்டிருந்த ஒரு பாகிஸ்தான் ராணுவ மருத்துவர்.

கால் இழந்தவர்களை நடக்க வைக்கும் பிசியோதெரபிஸ்ட் நான். இந்தக் கதையை வார்டில் சொன்னால் கேட்பவர்கள் குக்ரியோடு நின்றுவிடுகிறார்கள். நான் சொல்ல வருவது அதற்குப் பிந்திய ஆண்டுகளை. மரக்காலோடு உடற்பயிற்சி செய்து, ராணுவத்தின் உடல்தகுதித் தேர்வில் தேறி, எனக்குப் படையைக் கொடுங்கள் என்று விடாமல் கேட்டார். போரில் ஊனமுற்ற ஓர் அதிகாரி இந்தியக் காலாட்படையில் ஒரு பட்டாலியனுக்கும் பிறகு ஒரு பிரிகேடுக்கும் தலைமை ஏற்றது அதுவே முதல்முறை. மேஜர் ஜெனரலாக ஓய்வு பெற்றார்.

என்னிடம் வருபவர்களுக்கும் காலை இழந்த பிறகான நாட்கள்தான் முக்கியம். அவர்களில் பலர் சர்க்கரை நோயால் காலை இழந்தவர்கள். சென்ற ஆண்டு ஒரு பெரியவர், முழங்காலுக்குக் கீழே எடுத்திருந்தது. வலிக்கிறதே என்று அவர் மனைவி முழங்காலுக்கு அடியில் தலையணை வைத்திருக்கிறார். மூன்று வாரம் அப்படியே. வந்தபோது முட்டி மடங்கி இறுகிப்போயிருந்தது, நீட்டவே முடியவில்லை. "நல்லதுன்னுதானே தம்பி வெச்சேன்" என்று அந்த அம்மா அழுதது இன்னும் காதில் இருக்கிறது. அந்த அம்மாவை நம்பிப் பெரியவரை வீட்டுக்கு அனுப்பிய யாரும் இதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியிருக்கவில்லை. முட்டி நீளாமல் செயற்கைக் காலைச் சரியாகப் பொருத்த முடியாது. அந்த முட்டியை நிமிர்த்த எங்களுக்கு இரண்டு மாதம் ஆனது.

ஆகவே, காலை இழந்தவரை வீட்டில் பார்த்துக்கொள்பவர்களே, தலையணையை எடுத்துவிடுங்கள். முட்டி நீட்டியபடியே இருக்கட்டும். நாற்காலியில் உட்காரும்போதும் தொங்கவிடாமல் ஒரு பலகைமேல் நீட்டி வையுங்கள். புண் ஆறியதும், மருத்துவர் சரி என்றால், தினமும் சிறிது நேரம் குப்புறப் படுக்கச் சொல்லுங்கள். இடுப்பு மடங்கி இறுகாது. எஞ்சிய காலில் கிரேப் பேண்டேஜை, அதாவது இழுபடும் கட்டுத்துணியை, எட்டுப் போட்டதுபோல், நுனியில் இறுக்கமாகவும் மேலே போகப்போகத் தளர்வாகவும் சுற்ற வேண்டும். ஒரே இடத்தில் வட்டமாகச் சுற்றினால் ரத்த ஓட்டம் தடைபடும். செயற்கைக் கால் வந்தபின் தினமும் இரவில் கண்ணாடி வைத்துத் தோலைப் பாருங்கள். சர்க்கரை உள்ளவருக்குக் கொப்புளம் வந்தாலும் வலி தெரியாமல் போகலாம்.

இல்லாத பாதம் அரிக்கிறது, எரிகிறது என்று அவர் சொன்னால் பிரமை என்று அடக்காதீர்கள். அது உண்மையான நரம்பு வலி, அதற்கு மருந்தும் பயிற்சியும் இருக்கின்றன. அடுத்தமுறை வரும்போது எங்களிடம் சொல்லுங்கள்.