பாப்கேட் இழுக்கவில்லையா? பம்பில் கை வைக்கும் முன்னால் இதைப் படியுங்கள்

"அண்ணே, பம்ப் போச்சு. நல்ல ரீகான் பம்ப் (பழசைப் புதுப்பித்தது) எங்கே கிடைக்கும்?"

பாப்கேட், அதாவது பக்கெட் வைத்த சின்ன ஸ்கிட் ஸ்டீயர் வண்டி, வைத்திருப்பவர்கள் பிறை, சிம்பாங் அம்பாட், நிபோங் தெபால் பக்கமிருந்து பண்ணும் போன்களில் பாதி இப்படித்தான் ஆரம்பிக்கின்றன. எந்தப் பக்கம் இழுக்கவில்லை என்று கேட்டால் பதில் வராது. அழுத்தம் பார்க்கும் கேஜ் மாட்டிப் பார்த்தீர்களா என்றால், "அதெல்லாம் இல்லண்ணே, மேட்டில் ஏற மாட்டேங்குது" என்பார்கள். மேட்டில் ஏறவில்லை என்பது நோயின் அறிகுறி, அவ்வளவுதான். போன வாரம் ஒரு பழைய இரும்புக் கிடங்கில், பம்ப் மாற்றி மாதம் முடிவதற்குள் மாற்றிய பம்பும் போய், முதலாளி தவுக்கே அதை விற்றவனை வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டிருந்தார். விற்றவன் மேல் எனக்குத் தெரிந்து ஒரு தப்பும் இல்லை. அதைப் பார்த்த பிறகுதான் எழுதியே ஆகவேண்டும் என்று தோன்றியது.

ஸ்கிட் ஸ்டீயரில் இடப்பக்கத்துக்கு ஒரு பம்ப், ஒரு மோட்டார். வலப்பக்கத்துக்கு ஒரு பம்ப், ஒரு மோட்டார். மோட்டாரிலிருந்து செயின் வழியாக அந்தப் பக்கத்து இரண்டு டயருக்கும் ஓட்டம் போகிறது. இது ஓட்டுகிற எல்லாருக்கும் தெரியும். தெரிந்தும் ஏன் முதல் கேள்வியைக் கேட்பதில்லை என்பதுதான் புரியவில்லை: ஒரு பக்கம் மட்டும் சோர்கிறதா, இரண்டுமா?

இரண்டு பக்கமும் ஒன்றாகச் சோர்ந்தால், இரண்டு பம்பும் ஒரே நாளில் செத்திருக்காது. இரண்டுக்கும் பொதுவானதைப் பாருங்கள். ஆயில் மட்டம், அடைத்த ஃபில்டர், காற்று இழுக்கும் சக்‌ஷன் ஹோஸ், பெல்ட்டில் ஓடும் மாடல் என்றால் வழுக்கும் பெல்ட், சுமை வந்ததும் திணறும் எஞ்சின், கடைசியாக, ஓட்டத்துக்கான ஆயிலை டேங்கிலிருந்து ஊட்டும் சார்ஜ் பம்ப். ஒரு பக்கம் மட்டும் என்றால் டயரிலிருந்து தொடங்குங்கள். சிரிக்காதீர்கள். இடப்பக்கம் புது டயர், வலப்பக்கம் மொட்டை டயர் போட்டுவிட்டு "வண்டி ஒரு பக்கமாகப் போகிறது" என்று ஹைட்ராலிக்கைக் குறை சொன்னவர்கள் இருக்கிறார்கள். டயருக்குப் பிறகு லிவரின் லிங்கேஜ், விடாமல் பிடித்திருக்கும் பிரேக், செயின்.

இன்னொன்று, முன்னால் போகும்போது மட்டும் சோர்ந்து, பின்னால் வரும்போது நன்றாக இழுக்கிறதா? ஓடுவது அதே பம்ப், அதே மோட்டார்தான். உள்ளே தேய்ந்திருந்தால் இரண்டு திசையிலும் தெரியும். ஒரு திசையில் மட்டும் என்றால் அந்தத் திசைக்கான ரிலீஃப் வால்வையோ (அழுத்தம் மீறினால் திறப்பது) செக் வால்வையோ (ஆயிலை ஒரு வழியாக மட்டும் விடுவது) முதலில் சந்தேகப்படுங்கள். பல மாடல்களில் முன் திசை, பின் திசை ரிலீஃப் இரண்டும் ஒரே மாதிரிதான். இடம் மாற்றிப் போட்டுப் பார்த்துக் கோளாறும் கூடவே இடம் மாறினால் விஷயம் முடிந்தது. பம்பின் விலைக்கு முன்னால் அந்த வால்வின் விலை ஒன்றுமே இல்லை.

சரி, பம்ப் உண்மையிலேயே போய்விட்டது என்றே வைத்துக்கொள்வோம். என்னை அதிகம் எரிச்சலாக்குவது இதுதான்: "பழசைக் கழற்று, வேறொன்றை மாட்டு, ஆயிலை மாற்று, வேலை முடிந்தது." முடியவில்லை. பக்கெட்டைத் தூக்கும் ஆயில் வேலையை முடித்ததும் டேங்குக்குத் திரும்பும். ஓட்டத்துக்கான ஆயில் அப்படியில்லை. பம்பிலிருந்து மோட்டாருக்குப் போகும், மோட்டாரிலிருந்து நேரே பம்புக்கே வரும், மறுபடி மோட்டாருக்குப் போகும். மூடிய சுற்று. உள்கசிவால் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைவதைத்தான் சார்ஜ் பம்ப் டேங்கிலிருந்து எடுத்து ஈடுசெய்கிறது. "ஃபில்டர்தான் இருக்கே அண்ணே" என்பார்கள். இருக்கிறது. ஆனால் பெரும்பாலான வண்டிகளில் அது வடிகட்டுவது சார்ஜ் பம்ப் அனுப்பும் ஆயிலை மட்டும்தான். சுற்றுக்குள் விழுந்த பித்தளைத் தூளில் பெரும்பகுதி ஃபில்டர் பக்கமே எட்டிப் பார்ப்பதில்லை. பழைய பம்ப் உடைந்தபோது சிதறியதெல்லாம் மோட்டாருக்குள்ளும் ஹோஸுக்குள்ளும் உட்கார்ந்திருக்கும், மாற்றுப் பம்ப் ஓட ஆரம்பித்ததும் நேராக அதன் வாய்க்குள் வந்து சேரும். கிடங்கில் நடந்தது இதுதான்.

அதனால் பம்ப் உடைந்தால் மோட்டாரையும் பிரித்துப் பாருங்கள், ஹோஸ், கூலர், டேங்க் எல்லாவற்றையும் கழுவுங்கள், பழைய ஃபில்டரை வெட்டித் திறந்து உள்ளே மின்னுகிறதா என்று பாருங்கள். மாட்டிய பம்பின் கேஸில் (வெளிக்கூட்டில்) ஆயில் நிரப்பாமல் எஞ்சினை ஸ்டார்ட் பண்ணாதீர்கள், காய்ந்து ஓடினால் அங்கேயே போய்விடும். இதற்கெல்லாம் இப்போது காசு இல்லையென்றால் வண்டியைக் கொஞ்ச நாள் ஓரமாக நிறுத்துங்கள், தயவுசெய்து பம்பை மட்டும் மாற்றாதீர்கள்.

காலையில் புலி, மதியம் பூனை என்று ஓடும் வண்டிகள் தனி ரகம். சூட்டில் ஆயில் நீர்த்துத் தேய்ந்த இடுக்குகளில் நழுவுகிறது. அதற்கு நம் ஆட்கள் கண்டுபிடித்த வைத்தியம், 46 நம்பர் ஆயில் போட வேண்டிய இடத்தில் அதைவிடக் கெட்டியான 100 ஊற்றுவது. ஒரு வாரம் நன்றாக இருக்கும். அப்புறம் காலையில் ஸ்டார்ட் பண்ணும்போது அந்தக் கெட்டி ஆயிலைப் பம்பால் உறிஞ்ச முடியாமல் ஊளையிடும், அதுவே மிச்சமிருப்பதையும் தின்றுவிடும். தடித்த ஆயிலைத் தேடுவதற்கு முன்னால் கூலரைப் பாருங்கள். கோழிப் பண்ணையில் ஓடும் வண்டி என்றால் இறகும் தூசியும் சேர்ந்து மெத்தை போட்டிருக்கும். ஆயில் பால் மாதிரி வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. மழையில் திறந்த வெளியில் நிற்பதும், டேங்க் மூச்சுவிடும் பிரீதர் மூடிக்கு மேலேயே வாட்டர்ஜெட் அடிப்பதும்தான் பெரும்பாலும் காரணம்.

வெளியே ஒரு சொட்டுக்கூடக் கசியாமல் டேங்கில் ஆயில் குறைகிறதா? செயின் ஓடும் பெட்டியான செயின் கேஸின் ஆயில் மட்டத்தைப் பாருங்கள். அது தானாக ஏறியிருந்தால் மோட்டாரின் ஷாஃப்ட் சீல் போயிருக்கிறது. மோட்டார் தேய்ந்திருக்கிறதா என்று அறிய உள்ளே கசிந்த ஆயிலை வெளியே கொண்டுபோகும் கேஸ் டிரெயின் ஹோஸில் வரும் ஆயிலை அளந்து இரண்டு பக்கத்தையும் ஒப்பிடுங்கள். அந்த ஹோஸை அடைத்துவிட்டு ஓட்டிப் பார்க்கிற புத்திசாலிகளுக்கு: சீல் வெடிக்கும், கணக்கு உங்களுடையது. சார்ஜ் அழுத்தம் பல மாடல்களில் 20 பார் சுற்றுவட்டாரம், ஓட்டத்தின் அழுத்தம் 200 பாரைத் தாண்டும். சரியான எண் வண்டியின் சர்வீஸ் புத்தகத்தில் இருக்கும். சின்னக் கேஜைத் தவறான துளையில் மாட்டினால் கண்ணாடி முகத்தில்தான் வந்து விழும்.

கசிவை விரலால் தடவித் தேடாதீர்கள். தம்பிகளே, இதை மட்டுமாவது கேளுங்கள். ஊசித் துளையிலிருந்து பீய்ச்சும் ஆயில் கையுறையையும் தோலையும் துளைத்து உள்ளே போகும். பார்த்தால் கொசு கடித்த மாதிரிதான் இருக்கும், வலிகூட முதலில் பெரிதாக இருக்காது. நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று தூங்கப் போனால் விரலோ கையோ போய்விடலாம். உடனே பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போய், ஹைட்ராலிக் ஆயில் அழுத்தத்தோடு உள்ளே போயிருக்கிறது என்று அந்த வார்த்தையிலேயே சொல்லுங்கள். கசிவைத் தேட ஒரு அட்டைத் துண்டு போதும். வண்டியின் தூக்கிய கைக்கு லாக் போடாமல் அடியில் குனிவதைப் பற்றி நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா?

வடித்த ஆயிலைச் சாக்கடை லோங்காங்கில் ஊற்றவும் கூடாது. மலேசியாவின் 2005ஆம் ஆண்டு அட்டவணைக் கழிவு விதிமுறைப்படி அது எஸ்டபிள்யூ 306 என்ற குறியீட்டில் வரும் கழிவு. உரிமம் உள்ளவர் வந்து எடுத்துப் போகட்டும்.

இனி போன் பண்ணும்போது, எந்தப் பக்கம், எந்தத் திசை, சூட்டிலா குளிரிலா, ஆயில் என்ன நிறம், ஃபில்டர் கடைசியாக எப்போது மாற்றியது என்று பார்த்து வைத்துக்கொண்டு கூப்பிடுங்கள். ஹவர் மீட்டர் படத்தையும் வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். மீட்டர் ஓடவில்லையென்றால் ஓடவில்லை என்றே சொல்லிவிடுங்கள், "ரெண்டாயிரம்தான் ஓடியிருக்கும்ணே" என்று மட்டும் ஆரம்பிக்காதீர்கள்.