காண்கோணம் (வியூவிங் ஆங்கிள்)

மானிட்டரின் விவரப் பட்டியலில் 'வியூவிங் ஆங்கிள் 178°' என்று இருக்கும். நேர் எதிரிலிருந்து இடப்பக்கம் 89°, வலப்பக்கம் 89° விலகிப் பார்த்தாலும் படம் தேறும் என்று பொருள். இதைப் 'பார்வைக் கோணம்' என்றே பலர் எழுதுகிறார்கள். கேமரா லென்ஸ் பிடிக்கும் அகலத்துக்கும் அதே சொல்தான் வழங்குகிறது. திரைக்குக் 'காண்கோணம்' என்பதே பொருத்தம். சுடுகாடு, ஊறுகாய் போல இதுவும் வினைத்தொகை.

படம் 'தேறும்' என்பதற்கு அளவுகோல் மிகத் தளர்வானது. வெண்மைக்கும் கருமைக்கும் உள்ள ஒளிர்வு விகிதம் 10:1க்குக் கீழே போகாத எல்லையைத்தான் பெரும்பாலும் கணக்கில் எடுப்பார்கள். நேரே 1000:1 காட்டும் திரை பக்கவாட்டில் 10:1 ஆகிவிட்டாலும் 178° என்றே அச்சாகும். நிறத் திரிபு இந்தக் கணக்கிலேயே வராது. அதனால் இந்த எண்ணை மட்டும் நம்பித் திரை வாங்கக் கூடாது.

கோளாறின் வேர் எல்சிடி திரையில் ஒளியைக் கட்டுப்படுத்தும் திரவப் படிகத்திலேயே இருக்கிறது. அதன் மூலக்கூறுகள் நீளமானவை. நீளவாக்கில் ஒரு ஒளிவிலகல் எண், குறுக்கே வேறொன்று. சரிவாகப் பார்க்கும்போது ஒளியின் கட்ட வேறுபாடு (ஓர் அலை மற்றதைவிடப் பின்தங்கும் அளவு) மாறிவிடுகிறது; அதனால் கண்ணுக்கு வரும் வெளிச்சமும் மாறுகிறது. டிஎன் பேனலில் (மூலக்கூறுகள் முறுக்கிய வரிசையில் அமைந்த வகை) நடுவிலுள்ள மூலக்கூறுகள் எல்லாம் ஒரே பக்கம் சாய்வதால், கீழிருந்து பார்த்தால் சாம்பல் படிகள் தலைகீழாகி முகங்கள் நெகட்டிவ் போலத் தெரியும். போலரைசருடன் (ஒரே திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடும் தகடு) சேர்த்து ஒட்டும் ஈடுசெய் படலம் கருமையில் கசியும் ஒளியை அடக்கும். இந்தத் தலைகீழ் மாற்றத்தை முழுதாகத் தீர்க்காது.

விஏ பேனலில் (மூலக்கூறுகள் கண்ணாடிக்குச் செங்குத்தாக நிற்கும் வகை) ஒரு பிக்சலையே, மூலக்கூறுகள் வெவ்வேறு பக்கம் சாயும் நான்கு பகுதிகளாகப் பிரித்துச் சராசரியாக்குகிறார்கள். அப்படியும் பக்கத்திலிருந்து நிறம் வெளிறும் என்பதால், பிக்சலை மேலும் இரண்டாக்கி வெவ்வேறு மின்னழுத்தம் கொடுப்பதுண்டு.

1990களின் நடுவில் திரைகளுக்கு வந்த ஐபிஎஸ் முறையில் மூலக்கூறுகள் கண்ணாடிக்கு இணையாகவே சுழல்கின்றன; நிறம் அதிகம் திரிவதில்லை. ஆனால் மூலைவிட்டத் திசையில் சரிவாகப் பார்த்தால் கருமை வெளுக்கும். நேரே 90° குறுக்காக நிற்கும் இரண்டு போலரைசர்களும் அந்தத் திசையிலிருந்து பார்க்கும் கண்ணுக்கு ஒன்றுக்கொன்று செங்குத்தாக அமைவதில்லை. அந்த விலகலால் ஒளி கசிகிறது. போலரைசருக்கும் திரவப் படிகத்துக்கும் நடுவே 'இரு அச்சுப் படலம்' என்ற ஈடுசெய் படலம் வைத்தால் இந்தக் கசிவு பெருமளவு அடங்கும்.

சோதிக்க: அறையை இருட்டாக்கி, முழுக் கருப்புப் படம் வைத்து, மூலையிலிருந்து பாருங்கள். தலையை நகர்த்தும்போது வெளிச்சமும் நகர்ந்தால் அது காண்கோணக் கசிவு. இடம் மாறாமல் ஓரத்திலேயே நின்றால் பின்னொளிக் கசிவு. அது பெரும்பாலும் சட்டம் பேனலை அழுத்தும் இடத்தில் வருவது, ஈடுசெய் படலத்தால் அதைச் சரிசெய்ய முடியாது.